சாணக்குழிக்குள் போன ஆன்டிபயாடிக்

1948-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள பெர்ல் ரிவர் என்ற சிற்றூர். லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஊழியர்கள் எல்லோருக்கும் விடுமுறை. தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி மட்டும் பண்டிகையும் அதுவுமாக வந்து உட்கார்ந்து, கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை பார்த்துக் கொண்டிருந்தார்.

அந்தத் தராசில் விழுந்த எடைக்கும், முப்பது வருடம் கழித்து நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சாண எரிவாயுக் கலன் காஸ் கொடுக்காமல் படுத்துக் கொண்டதற்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் உண்டு. கோழி, மாடு, பெட்ரோல் விலை, ஜெர்மனியின் மின்சாரச் சட்டம் என்று எங்கெங்கோ சுற்றி வரும் கதை இது. நடுவில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த ஒருவரும் வருகிறார்.

முதலில் கோழிக்குஞ்சு. இரண்டாம் உலகப்போர் முடிந்த நேரம். இறைச்சிக்குத் தேவை ஏறிக்கொண்டே போனது. கோழிக்கும் பன்றிக்கும் மீன்தூள் போன்ற விலை கூடிய தீவனம் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. சோயாவை மட்டும் போட்டால் குஞ்சுகள் சரியாக வளரவில்லை. விலங்குப் புரதத்தில் இருக்கும் ஏதோ ஒன்று செடிப் புரதத்தில் இல்லை என்று தெரிந்தது, அது என்னவென்று மட்டும் நெடுநாள் தெரியாமலிருந்தது. 1948-இல்தான் அது வைட்டமின் பி12 என்று பிடிபட்டது. அந்த பி12-ஐ மலிவாக எங்கே பிடிப்பது என்பதுதான் ஜூக்ஸுக்கும் அவருடைய கூட்டாளி ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடுக்கும் இருந்த கேள்வி.

அதே லெடர்லி கம்பெனியில் அப்போதுதான் ஆரியோமைசின் என்ற புது ஆன்டிபயாடிக் தயாராகிக் கொண்டிருந்தது. இன்றைக்குக் குளோர்டெட்ராசைக்ளின் என்கிறோமே, அதேதான். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதைக் கண்டுபிடித்த பெஞ்சமின் டக்கர் பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எழுபது வயதுக்கு மேல் லெடர்லியில் சேர்ந்தவர். தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி ஊர் ஊராக மண் வரவழைத்து, அதில் என்ன நுண்ணுயிர் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. பொன் என்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்தே மருந்துக்கும் பெயர் வைத்தார்கள்.

அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் லெடர்லியில் இயக்குநராக இருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அன்றைய மெட்ராஸ் மாகாணத்து பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனை மூன்றாவது தடவையில்தான் தேறினார் (தோற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் தெம்பாக இருக்கலாம் :-)). மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிக்கும்போது காந்தியின் பேச்சைக் கேட்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அணிந்து போய், வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். ஆரியோமைசின் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட அதே 1948-இல், ஆகஸ்டு மாதம், அவர் இறந்து போனார். கோழிக்குஞ்சுகளின் எடையைப் பார்க்க அவர் இல்லை.

ஆரியோமைசின் தயாரிக்கும்போது பெரிய தொட்டிகளில் நுண்ணுயிரை வளர்ப்பார்கள். மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் பி12 இருக்கும் என்பது ஜூக்ஸின் கணக்கு. அது சரியாகவே இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று தராசு காட்டியது வேறு ஒன்று. அந்தச் சக்கையை அதிகமாகத் தின்ற குஞ்சுகள், பி12 நிறைந்த ஈரல் சாறு தின்ற குஞ்சுகளையும் மிஞ்சி வளர்ந்திருந்தன. பி12 மட்டும் காரணமாக இருந்தால் அப்படி மிஞ்ச வழியில்லை. சக்கையில் ஒட்டிக் கொண்டிருந்த கொஞ்சம் ஆரியோமைசின்தான் வேலை செய்திருந்தது.

வணிகம் படிப்பவர்களுக்கு இந்த இடம் புரியும். தொழிற்சாலைக் கழிவு என்று கொட்ட வேண்டிய சக்கை திடீரென்று துணைப்பொருளாகி விட்டது. கொட்டுவதற்குச் செலவு ஆக வேண்டிய இடத்தில் வரவு! ஆரோஃபேக் என்று பெயர் வைத்து, முதலில் பி12 உள்ள தீவனச் சரக்காகவே விற்றார்கள். 1950-இல் ஆன்டிபயாடிக்தான் காரணம் என்ற செய்தி வெளியானது. 1951-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. டன் தீவனத்துக்குச் சில கிராம் போதும், அதே தீவனத்தில் கூடுதல் இறைச்சி. எந்தப் பண்ணைக்காரர் வேண்டாம் என்பார்?

யாரும் கேட்காத ஒரு கேள்வி மிச்சமிருந்தது. விலங்கின் வாய் வழியாகப் போகும் மருந்து கடைசியில் எங்கே போகிறது?

இறைச்சியில் தங்குகிறதா, பாலில் வருகிறதா என்று பார்த்தார்கள். மருந்து கொடுத்த பிறகு இத்தனை நாள் பாலை விற்கக்கூடாது, இத்தனை நாள் அறுக்கக்கூடாது என்று விதிகளும் வந்தன. சாணத்துக்கு அப்படி எந்த நாள் கணக்கும் கிடையாது. அதை யாரும் தின்னப் போவதில்லையே! 1971-இல் கொலராடோவில் நடந்த ஓர் ஆய்வு, கொழுக்க வைப்பதற்காகப் பட்டியில் அடைத்த காளைகள் தின்ற குளோர்டெட்ராசைக்ளினில் சுமார் 75 சதவீதம் கழிவோடு வெளியே வந்து விடுகிறது என்று கண்டது. அதாவது நான்கு ரூபாய் மருந்து வாங்கிப் போட்டால் மூன்று ரூபாய் மருந்து சாணத்தில் கிடக்கிறது. மருந்துக்கு மருந்து மாறும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் 30-லிருந்து 90 சதவீதம் வரை வெளியே வருகிறது என்பது பிற்கால ஆய்வுகள் தொகுத்துச் சொல்லும் கணக்கு.

இனி சாணக்குழியின் பக்கம் போவோம்.

சேற்றைக் கிளறினால் வரும் குமிழி எரியும் என்பதை 1776-இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் வோல்டா காட்டினார் (ஆமாம், பேட்டரி செய்த அதே வோல்டா). நம் நாட்டில் 1897-இலேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்துக் கழிவிலிருந்து காஸ் எடுத்தார்கள். 1939 வாக்கில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி.தேசாய் சாணத்தை வைத்துச் சோதனை செய்தார். பிறகு ஜஷ்பாய் படேலின் மிதக்கும் டிரம், கதர் கிராமத் தொழில் கமிஷன் என்று அது வீட்டுக்கொல்லைக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அமெரிக்காவுக்கு இதெல்லாம் ரொம்ப நாள் தேவைப்படவில்லை. பெட்ரோல் தண்ணீர் மாதிரி கிடைக்கும்போது சாணத்தை யார் கிளறுவார்கள்? 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் எல்லாம் மாறியது. ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே பட்டியில் அடைத்துக் கொழுக்க வைக்கும் நாடு அது. பட்டி வாசலில் மலைபோல் குவியும் சாணம் ஒரே நாளில் எரிபொருளாகத் தெரிய ஆரம்பித்தது.

நெப்ராஸ்காவில் கிளே சென்டர் என்ற இடத்தில் அமெரிக்க அரசின் இறைச்சிக் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. போர்க்காலத்தில் அது கடற்படையின் வெடிமருந்துக் கிடங்கு. கடலே இல்லாத மாநிலத்தில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது, எதிரி விமானம் எட்டாத இடம் என்பதுதான் காரணம். வெடிகுண்டு வைத்திருந்த நிலத்தில் எழுபதுகளில் வின்சென்ட் வாரல் என்ற நுண்ணுயிரியலாளரும் ஆண்ட்ரூ ஹாஷிமோட்டோ என்ற பொறியாளரும் மாட்டுச்சாணத்தை மூடிய கலன்களில் போட்டு மீத்தேன் எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

அதே சமயத்தில் மாட்டுத்தீவனச் சந்தையில் ஒரு புதுச் சரக்கு இறங்கியது. எலை லில்லி கம்பெனியின் மொனென்சின். 1975-இன் இறுதியில் மாட்டுத்தீவனத்தில் கலக்க அனுமதி கிடைத்தது. இந்த மருந்தைப் புரிந்து கொள்ள மாட்டின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மாட்டின் பெரிய வயிற்றறையை ரூமென் என்பார்கள். காற்று புகாத, கதகதப்பான, ஈரமான பை. உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. யோசித்துப் பார்த்தால் மாடே ஒரு நடமாடும் சாண எரிவாயுக் கலன்தான்! மாடு தின்னும் தீவனத்தின் ஆற்றலில் 2-லிருந்து 12 சதவீதம் வரை மீத்தேனாக ஏப்பத்தில் போய் விடுகிறது. பண்ணைக்காரருக்கு அது நஷ்டம், தீவனத்துக்குக் கொடுத்த காசு காற்றில் போகிறது. மொனென்சின் என்ன செய்கிறது என்றால், ஹைட்ரஜனையும் அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்கும் சில பாக்டீரியாக்களை அடக்கி விடுகிறது. ஹைட்ரஜன் குறைந்தால் மீத்தேன் குறையும். அதற்குப் பதிலாகப் புரோப்பியானிக் அமிலம் கூடும். இந்த அமிலம் மாட்டின் ரத்தத்தில் ஏறிச் சர்க்கரையாகி, இறைச்சியாகும். மீத்தேனைக் குறைத்து அதைக் காசாக மாற்றுவதுதான் அந்த மருந்தின் வேலையே.

சரி, அந்த மாடு சாணம் போடுகிறது. மொனென்சினில் ஒரு பங்கு அதோடு வருகிறது. அந்தச் சாணத்தைக் கொண்டு போய் மீத்தேன் எடுக்கும் கலனில் போடுகிறார்கள்!

கதை இங்கேயே பாதி புரிந்திருக்கும். மீத்தேனைக் குறைக்கவென்றே வாங்கிய சரக்கு, மீத்தேன் தயாரிக்கவென்றே கட்டிய கலனுக்குள் போகிறது. வாரலும் ஹாஷிமோட்டோவும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகைச் சாணத்தை ஒப்பிட்டார்கள். மருந்தே தின்னாத மாட்டின் சாணம், குளோர்டெட்ராசைக்ளின் தின்ற மாட்டின் சாணம், மொனென்சின் தின்ற மாட்டின் சாணம். குளோர்டெட்ராசைக்ளின் சாணம் பெரிய தொல்லை தரவில்லை. மொனென்சின் சாணம் போட்ட கலன்களில்தான் மீத்தேன் உற்பத்தி தடுமாறி விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதற்குக் குழிக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். சாணம் நேராகக் காஸ் ஆகி விடுவதில்லை. அது ஒரு பந்தி மாதிரி, ஒருவருடைய எச்சில் அடுத்தவருக்குச் சாப்பாடு. முதல் கூட்டம் நாரையும் மாவையும் புரதத்தையும் வெட்டித் துண்டாக்கும். இரண்டாவது கூட்டம் அந்தத் துண்டுகளைத் தின்று புரோப்பியானிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக விடும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசியாக மீத்தேன் நுண்ணுயிர்கள் வந்து அவற்றைத் தின்று காஸ் விடும். இதில் மூன்றாவது கூட்டம்தான் ரொம்பவும் மெத்தனம், ரொம்பவும் கூச்ச சுபாவம். மெதுவாகத்தான் பெருகும். பக்கத்தில் யாராவது ஹைட்ரஜனை உடனுக்குடன் அப்புறப்படுத்தினால்தான் வேலையே செய்யும். அது நின்று போனால் புரோப்பியானிக் அமிலம் தேங்கும், குழி புளிக்கும். மீத்தேன் நுண்ணுயிருக்குப் புளிப்பு ஆகாது. அப்புறம் எத்தனை கூடை சாணம் கொட்டினாலும் அடுப்பு எரியாது.

மாட்டின் வயிற்றில் லாபம் என்று கொண்டாடப்படும் அதே புரோப்பியானிக் அமிலம், குழியில் தேங்கினால் எமன்.

இதற்கு அடுத்த வருடம், 1982-இல், அதே இருவரும் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். மொனென்சினும் அதைப் போன்ற லாசலோசிட், சாலினோமைசின் ஆகியவையும், அவோபார்சினும் தின்ற மாடுகளின் சாணத்தை விடாமல் போட்டுக் கொண்டே வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மாதக்கணக்கில் பொறுத்திருந்தால் குழி பழகிக் கொள்கிறது! மருந்துக்குத் தாக்குப் பிடிக்கும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தலையெடுத்து, காஸ் மறுபடி வருகிறது. காஸ் எடுப்பவருக்கு நல்ல செய்திதான். ஆனால் 'பழகிக் கொள்வது' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருந்தைத் தாங்கும் உயிர்கள் பிழைத்தன, தாங்காதவை ஒழிந்தன என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். மொனென்சின் மனிதருக்குக் கொடுக்கிற மருந்து இல்லை, அதனால் அங்கே பயம் குறைவு. டெட்ராசைக்ளின், பென்சிலின் என்றால் விஷயம் வேறு.

எண்ணெய் விலை 1980-களின் நடுவில் சரிந்ததும் அமெரிக்காவில் சாண காஸ் ஆர்வமும் கூடவே சரிந்தது. இந்த ஆய்வுகள் பத்து வருடத்துக்கு மேல் நூலகத்தில் தூங்கின என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

மறுபடி கதவைத் தட்டியவர்கள் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள். மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான்ஸ், ரோட்ரிகஸ், அமில்ஸ் ஆகிய மூவரும் 1996-இல் பதினைந்து மருந்துகளை வரிசையாகச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரையின் முடிவுகள் ரசமானவை. எரித்ரோமைசின் காஸ் உற்பத்தியை ஒன்றும் செய்யவில்லை. பெரும்பாலான மருந்துகள் பாதிக்காயம்தான் ஏற்படுத்தின. அதுவும் மீத்தேன் நுண்ணுயிரை நேராகத் தாக்கி அல்ல, நாம் மேலே பார்த்த அந்தக் கூச்ச சுபாவ மூன்றாவது கூட்டத்தைத் தாக்கித்தான். குளோர்டெட்ராசைக்ளினும் குளோராம்பெனிக்காலும் மட்டும் மீத்தேன் நுண்ணுயிரையே நேராக முடக்கின. லிட்டருக்கு 40 மில்லிகிராம் குளோர்டெட்ராசைக்ளின் இருந்தால் உற்பத்தி பாதியாகும். குளோராம்பெனிக்கால் என்றால் 15-லிருந்து 20 மில்லிகிராமே போதும்.

மீத்தேன் நுண்ணுயிர் ஏன் அவ்வளவு தெம்பாக இருக்கிறது? அவை பாக்டீரியாவே இல்லை. 1977-இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்கர், இவை உயிர்க்குலத்தின் தனிக்கிளை என்று காட்டினார், ஆர்க்கியா என்பது இன்றைய பெயர். பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்ட விடாமல் கெடுத்துக் கொல்கிறது. ஆர்க்கியாவுக்கு அந்த மாதிரிச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை இடிக்க முடியுமா என்ன! ஆனால் பந்தியில் முன்னால் உட்கார்ந்தவர்கள் செத்துப் போனால் கடைசிப் பந்திக்காரர் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

2000-இல் கனடாவில் நடந்த ஆய்வு இதைக் கணக்காகவே காட்டியது. மாஸே என்பவரும் கூட்டாளிகளும் பன்றிக்கழிவைக் குளிர்நாட்டுக்கு ஏற்றபடி 20 டிகிரி வெப்பத்தில் நொதிக்க வைத்தார்கள். பென்சிலின் கலந்த கழிவில் மீத்தேன் 35 சதவீதம் குறைந்தது, டெட்ராசைக்ளின் கலந்ததில் 25 சதவீதம். சோதித்த மற்ற மருந்துகளில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. சுவரே இல்லாத உயிரை வைத்து நடக்கும் தொழிலில், சுவர் இடிக்கும் மருந்துதான் அதிக நஷ்டம் உண்டாக்கியிருக்கிறது பாருங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். நெப்ராஸ்காவில் குளோர்டெட்ராசைக்ளின் பெரிய தொல்லை இல்லை என்றார்கள், மாட்ரிட்டில் அதுவே பெரிய வில்லன் என்கிறார்கள். யார் சொல்வது சரி? இரண்டும் சரிதான். ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மாதிரிக் கரைசலில் மருந்தை அளந்து ஊற்றுவது வேறு, மாட்டின் வயிறு வழியாகச் சாணத்தோடு வருவது வேறு. தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலக்கும் அளவு குறைவு. போதாததற்கு டெட்ராசைக்ளின் கால்சியத்தோடும் திடப்பொருளோடும் ஒட்டிக் கொள்ளும் குணமுள்ளது. சாணத்துகளில் ஒட்டிக் கிடக்கும் மருந்து நுண்ணுயிரை எட்டுவதில்லை. இந்தத் துறையில் ஒரு ஆய்வுக்கும் இன்னொன்றுக்கும் முடிவு பொருந்தாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வெப்பம், குழி பழகியதா பழகாததா என்று நாலையும் சொல்லாமல் 'ஆன்டிபயாடிக் காஸைக் கெடுக்கும்' என்றோ 'கெடுக்காது' என்றோ சொல்வது வெறும் வாய்ப்பேச்சு.

அதனால்தான் மேரிலாந்து மாநிலத்து பெல்ட்ஸ்வில்லில் அமெரிக்க வேளாண்துறைக்காரர்கள் செய்த சோதனைக்கு மதிப்பு அதிகம். அவர்கள் மருந்தைப் புட்டியிலிருந்து கலனில் ஊற்றவில்லை. நோய்க்கு வைத்தியம் செய்வது போலவே, கன்றுகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 22 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் ஆக்சிடெட்ராசைக்ளின் கொடுத்து, அவை போட்ட சாணத்தையே எடுத்து நொதிக்க வைத்தார்கள். ஒஸ்மான் அரிகான் என்பவரும் மற்றவர்களும் 2006-இல் வெளியிட்ட முடிவு இது: மருந்து தின்னாத கன்றின் சாணத்தைவிட 27 சதவீதம் குறைவாகக் காஸ் வந்தது. அறுபத்துச் சொச்சம் நாள் கழித்தும் மருந்து முழுக்க அழியவில்லை. பாதியாகக் குறையவே 56 நாள் பிடித்தது. பிறகு அதே கூட்டத்தார் குளோர்டெட்ராசைக்ளினை வைத்துப் பார்த்தபோது அது 18 நாளிலேயே பாதியானது. ஒரே குடும்பத்து மருந்துகள்தான், இருந்தாலும் குணத்தில் அவ்வளவு வித்தியாசம்.

27 சதவீதம் என்பதைப் பேரேட்டில் எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். மாதம் நூறு ரூபாய்க்கு காஸ் தரும் கலன் எழுபத்து மூன்று ரூபாய்க்குத்தான் தரும். கலன் கட்டக் கடன் வாங்கியிருந்தால் வட்டி குறையாது, ஆள்கூலி குறையாது. செலவெல்லாம் அப்படியே நிற்க, வரவு மட்டும் சரியும். சின்ன லாபத்தில் ஓடும் தொழில் என்றால் இந்த ஒரு வரியிலேயே நஷ்டத்துக்குப் போய்விடும். பெரிய பண்ணையில் ஒரு நேரத்தில் சில மாடுகளுக்குத்தான் வைத்தியம் நடக்கும், மற்ற மாடுகளின் சாணத்தோடு கலந்து மருந்து நீர்த்துப் போகும் என்பது உண்மை. ஆனால் மந்தை முழுக்க ஒரே வாரத்தில் மருந்து போட்டால்? அமெரிக்கப் பால்பண்ணைகளில், மருந்து போட்ட மாட்டின் விற்கக்கூடாத பாலையும் கழிவுக்குழியிலேயே கொட்டி விடும் வழக்கம் உண்டு. அதுவும் சேர்ந்து கொள்ளும்.

மருந்துக்காரர் லாபத்தைத் தன் பேரேட்டில் எழுதினார். பண்ணைக்காரரும் தீவன மிச்சத்தைத் தன் பேரேட்டில் எழுதினார். காஸ் நஷ்டம் கலன் வைத்திருப்பவர் தலையில் விழுந்தது. பண்ணையும் கலனும் ஒரே ஆளுடையது என்றால் அவராவது இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். டென்மார்க் மாதிரி நாடுகளில் பல பண்ணைகளின் கழிவு லாரியில் ஒரு பொதுக் கலனுக்குப் போகிறது. எந்தப் பண்ணை எந்த வாரம் என்ன மருந்து போட்டது என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் என்ன செய்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்து விடலாம். இங்கிலாந்தில் 1969-இல் ஸ்வான் குழு, மனித வைத்தியத்துக்குத் தேவையான மருந்துகளை வெறும் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடக்கூடாது என்றது. 1976-இல் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பண்ணையில் ஆக்சிடெட்ராசைக்ளின் தின்ற கோழிகளிடமிருந்து மருந்துக்கு அடங்காத பாக்டீரியா சில மாதங்களில் அந்தப் பண்ணை வீட்டு மனிதர்களின் குடலுக்கும் வந்து விடுகிறது என்று காட்டினார். (அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கால்நடை மருந்துக் கம்பெனிகளின் சங்கம்தான்!) 1986-இல் ஸ்வீடன் தடை செய்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குத் தடை வந்தது. அமெரிக்கா 2017-இல்தான், அதுவும் மனித வைத்தியத்துக்கு முக்கியமான மருந்துகளை மட்டும் நிறுத்தியது, மொனென்சின் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா 2019-இல் கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைக் கால்நடைக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. ஜூக்ஸ் 1999-இல் இறக்கும் வரை தன் கண்டுபிடிப்பை விட்டுக் கொடுக்காமல் வாதாடிக் கொண்டிருந்தார்.

இந்தத் தடைகள் எல்லாமே மனிதருக்கு நோய் தீராமல் போகுமே என்ற பயத்தில் வந்தவை. சாணக்குழி யார் நினைவிலும் இல்லை. தடையால் குழிக்கு நன்மை வந்ததா என்றால் கொஞ்சம்தான். தினம் கொஞ்சம் வந்து கொண்டிருந்த மருந்து நின்றது, நோய் வந்தால் போடும் பெரிய அளவு நிற்கவில்லை. டென்மார்க்கில் வளர்ச்சி மருந்தை நிறுத்திய பிறகு பன்றிகளுக்கு வைத்திய மருந்து போடுவது சில வருடங்கள் கூடவே செய்தது. குழியின் கண்ணோட்டத்தில் பார்த்தால், தினம் வருவதற்குப் பழகிக் கொள்ளலாம், திடீரென்று ஒரு வாரம் கொட்டுவதற்குப் பழக முடியாது.

ஜெர்மனியில் இந்தச் சிக்கல் இன்னொரு வடிவம் எடுத்தது. அங்கே 2000-இல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், சாண காஸில் தயாரித்த மின்சாரத்துக்கு இருபது வருடம் நிலையான விலை என்று உறுதி கொடுத்தது. 2009-இல் கால்நடைக் கழிவைப் பயன்படுத்தினால் கூடுதல் ஊக்கத்தொகை என்றார்கள். கலன்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. காஸ் எடுத்த பிறகு மிஞ்சும் கரைசல் வயலுக்கு உரமாகப் போனது. உரம் நல்ல உரம்தான். ஆனால் கழிவை நேராக வயலில் ஊற்றி வந்த காலத்திலேயே, பன்றிப்பண்ணைகள் மிகுந்த லோயர் சாக்சனியில் ஹாம்ஷர் என்பவரும் மற்றவர்களும் மண்ணைத் தோண்டிப் பார்த்திருந்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், 10-லிருந்து 20 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணில் கிலோவுக்குச் சராசரியாக 199 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின் இருந்தது. மண்ணிலிருந்து பிறந்த மருந்துக் குடும்பம் மண்ணுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

வயலுக்குப் போகும் முன் கலன் அதை அழித்துக் கொடுக்காதா என்றுதான் இப்போதைய ஆய்வுகள் பெரும்பாலும் கேட்கின்றன. எண்பதுகளின் கேள்வி 'மருந்து கலனை என்ன செய்யும்' என்பது. இன்றைய கேள்வி அதைத் திருப்பிப் போட்டு, 'கலன் மருந்தை என்ன செய்யும்' என்கிறது. இதுவரை கிடைத்த பதில் மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது. பென்சிலின் வகைகள் சீக்கிரம் உடைகின்றன. டெட்ராசைக்ளின்கள் குறைகின்றன, ஆனால் அதில் ஒரு பங்கு உடையாமல் திடப்பொருளோடு ஒட்டிக் கொண்டு கணக்கில் மட்டும் காணாமல் போகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகையறா லேசில் அசைவதில்லை. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களின் மரபணுக்களும் அப்படியே. 37 டிகிரியில் ஓடும் கலனைவிட 55 டிகிரியில் ஓடும் கலன் பல சமயம் அவற்றை நன்றாகக் குறைக்கிறது, எல்லா மரபணுக்களையும் அல்ல. 55 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டுமென்றால் கலன் தரும் காஸிலேயே ஒரு பங்கை எரித்தாக வேண்டும், அந்தச் செலவு மறுபடியும் கலன்காரர் பேரேட்டில்தான் ஏறுகிறது.